மாற்றிக் கட்டிய குரூசர் பைக்: அப்படியே விற்பதா, பழைய கோலத்துக்குத் திருப்பி விற்பதா?

தமிழ்நாட்டு எல்லையையொட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் கேரளப் பதிவெண்ணோடு வண்டி ஓட்டும் தமிழர்களுக்கு இரண்டு சந்தைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு பக்கம் பாலக்காடும் திருச்சூரும். மறுபக்கம் பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும். சாதாரண ஸ்கூட்டர் என்றால் எங்கே இரண்டாயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறதோ அங்கே தள்ளிவிடலாம். தண்டர்பேர்டு, அவெஞ்சர் போன்ற குரூசர் பைக்கை ஆசை ஆசையாக வெட்டி, நீட்டி, நிறம் மாற்றிக் கட்டியவர்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. எந்தக் கோலத்தில் விற்கிறோம் என்பதை முடிவு செய்த அந்த நிமிடமே, யாரிடம் விற்கலாம், எல்லையின் எந்தப் பக்கம் விற்கலாம் என்பதும் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. விற்கும் வழியை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு வண்டியைப் பிறகு பார்ப்பவர்கள்தான் மாதக்கணக்கில் விளம்பரத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டத்தை முன்னதாகவே பேசிவிடுவோம். விலையைக் கீழே இழுப்பது அதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றுக்கும் (ஆர்.சி.) முரணாக வண்டியை மாற்றக் கூடாது. சின்னச் சின்ன மாற்றங்களுக்குக் கேரள உயர் நீதிமன்றம் காட்டிய தளர்வை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 182ஏ பிரிவைச் சேர்த்தது: அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதில் ‘ஒவ்வொன்றுக்கும்’ என்ற சொல்லை விவரம் தெரிந்த வாங்குபவர் மறப்பதில்லை. உங்கள் வண்டியைச் சுற்றி வரும்போதே ஹேண்டில்பார், சைலன்சர், சக்கரம், மட்கார்டு என்று மனதுக்குள் விரல் மடக்கிக்கொண்டே வருவார். 2021 ஆகஸ்டில் கண்ணூரில் இரண்டு வலைஒளிப் பதிவர்களின் அலங்கார வேன் பறிமுதலான சேதி கேரளம் முழுக்கப் பரவிய பிறகு, மாற்றிக் கட்டிய வண்டி என்றாலே இங்கே ஒரு தயக்கம் கூடியிருக்கிறது.

இனி முக்கியமான போட்டிக்கு வருவோம்.

கழற்றக்கூடியதும் கழற்ற முடியாததும்

மாற்றங்கள் எல்லாம் ஒரே சாதி இல்லை. நட்டு போல்ட்டில் மாட்டியவை ஒரு வகை: உயரமான ஹேண்டில்பார், ஒற்றை சீட், பக்கப் பைகள், சைலன்சர், முகப்பு விளக்கு, முன்னால் நீட்டி வைத்த கால்மிதி. வெட்டி வெல்டிங் வைத்தவை மறு வகை: பின்பக்கச் சட்டத்தை அறுத்துக் குட்டையாக்கியது, அகல டயருக்காகப் பின் சக்கரத்தைத் தாங்கும் ஆர்மை விரித்தது, முன் ஃபோர்க் சாய்வதற்காக ஸ்டீயரிங் கழுத்தையே வெட்டி ஒட்டியது.

கழுத்தில் கை வைத்த வண்டிதான் விற்பனைக்குப் பெரிய பகை. ராயல் என்ஃபீல்டில் சேசிஸ் எண் பொறிக்கப்பட்டிருப்பது அந்த ஸ்டீயரிங் கழுத்துக் குழாயில்தான். பதிவு வேலைக்குப் போகும்போது அந்த எண்ணின் மேல் பென்சிலைத் தேய்த்து, செலோடேப்பை ஒட்டி உரித்து, அதைப் படிவத்தில் ஒட்டிக் கொடுக்கச் சொல்வார்கள். பவுடர் கோட்டிங் தடிமனாக ஏறியிருந்தால் எண்ணில் பாதிதான் டேப்பில் வரும். வெல்டிங் புள்ளிக்குப் பக்கத்தில் எண் மங்கியிருந்தால், திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் கிளம்பிவிடும். நேர்மையாக வாங்கிய வண்டி என்று நீங்கள் எவ்வளவு சத்தியம் செய்தாலும் அந்த டேப் துண்டு உங்கள் பக்கம் சாட்சி சொல்லாது. விளம்பரம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு பென்சிலும் டேப்பும் எடுத்து நீங்களே பார்த்துவிடுவது நல்லது. எண் தெளிவாக வந்தால் அந்தத் துண்டைப் படமெடுத்து விளம்பரத்தோடு போடுங்கள். குரோமியத்தைப் பளபளவென்று காட்டும் பத்துப் படங்களைவிட அந்த ஒரு படம் நல்ல ஆட்களை வரவழைக்கும்.

போல்ட்டு வகை மாற்றம் மட்டும் இருந்தால், பழைய கோலத்துக்குத் திருப்புவதே என் ஓட்டு. ஆனால் ஹேண்டில்பாரைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. உயரமான ஹேண்டில்பாருக்காக கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், முன் பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும் நீளமாக மாற்றியிருப்பார்கள். சுவிட்சுகளுக்குப் போகும் வயரிங்கை நடுவில் வெட்டி, துண்டு சேர்த்து, கறுப்பு டேப் சுற்றியிருப்பார்கள். பழைய ஹேண்டில்பாரை மாட்டிவிட்டு நீளமான கேபிளை அப்படியே விட்டால் அது டேங்குக்கு அடியில் மடங்கிக் கிடக்கும், கிளட்ச் கனக்கும், ஓட்டிப் பார்க்க வந்தவர் முதல் சிக்னலிலேயே முகம் சுளிப்பார். ஆகவே கேபிள்களும் ஹோஸும் அசலாக வேண்டும், வயரிங் இணைப்புகளைப் பற்றவைத்து மூட வேண்டும். தண்டர்பேர்டின் உற்பத்தி 2020-இல் நின்றுபோனாலும், இந்தச் சில்லறைப் பாகங்களுக்குக் கோவையிலும் பாலக்காட்டிலும் இன்னும் பஞ்சமில்லை. டேங்க், சீட், சைலன்சர், பின் மட்கார்டு ஆகிய பெரிய பாகங்கள் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. இருந்தால் திருப்புங்கள். இல்லாமல் நான்கையும் விலை கொடுத்து வாங்கித் திருப்புவது பல நேரம் கட்டுப்படியாகாது.

நிறத்தையும் மறந்துவிட வேண்டாம். ஆர்.சி.யில் கறுப்பு என்று இருந்து வண்டி செம்பு நிறத்தில் மின்னினால், ஒன்று நிறத்தைப் பதிவில் ஏற்ற வேண்டும் அல்லது பழையபடி பெயின்ட் அடிக்க வேண்டும்.

ஒரு கணக்கு

பேச்சுக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இவை சந்தை நிலவரம் இல்லை, கணக்கின் போக்கைக் காட்ட நானாக வைத்த எண்கள். அதே வயது, அதே ஓட்டம், கம்பெனிக் கோலத்தில் உள்ள தண்டர்பேர்டு 80,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மாற்றங்களுக்கு 70,000 செலவழித்திருக்கிறீர்கள். மனக்கணக்கில் உங்கள் வண்டியின் விலை ஒன்றரை லட்சம்.

சாதாரண வாங்குபவர் உங்கள் வண்டியைப் பார்த்ததும் 80,000-இலிருந்து இறங்க ஆரம்பிப்பார். திருப்புவதற்கு ஆகும் செலவு, அபராத பயம், ‘இன்ஜினிலும் கை வைத்திருப்பாரோ’ என்ற ஐயம் எல்லாவற்றையும் கழித்து 60,000-இல் வந்து நிற்பார். குரூசர் பித்துப் பிடித்த ஒருவர் கிடைத்தால் ஒரு லட்சம் வரை பேசக்கூடும். அந்த ஒருவர் அடுத்த வாரமும் வரலாம், அடுத்த ஓணத்துக்கும் வராமல் இருக்கலாம். திருப்பி விற்றாலோ வண்டி 80,000. கழற்றிய ஹேண்டில்பார், சீட், பைகள், சைலன்சர் எல்லாம் தனித்தனியாகச் செலவில் மூன்றில் ஒரு பங்கு தந்தாலும் 23,000 சொச்சம். மெக்கானிக் கூலி, கேபிள் செலவு 8,000 போனால் கையில் 95,000. பித்துப் பிடித்தவர் தருவதற்குக் கிட்டத்தட்ட சமம், காத்திருப்பு குறைவு, போலீஸ் சோதனை பயமும் இல்லை. 70,000 ரூபாய்ச் செலவில் பெரும்பகுதி திரும்பாது. அது நீங்கள் வால்பாறைக்கும் நெல்லியாம்பதிக்கும் ஓட்டித் தீர்த்த சந்தோஷத்தின் விலை. அடுத்தவரிடம் வசூலிக்க முடியாது.

புது வண்டி விலையும் இந்தக் கணக்குக்குள் வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவை 40 சதவீதத்துக்கு ஏறின. தண்டர்பேர்டுக்குப் பதிலாக வந்த மீட்டியாரின் விலை இறங்கியதும் பழைய தண்டர்பேர்டின் விலையும் கூடவே இறங்கத்தான் செய்யும். 650 சி.சி. வண்டி வைத்திருப்பவர்களுக்குக் காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது: புது சூப்பர் மீட்டியார் எட்டாத உயரம் போனதால் பழையதுக்கு மதிப்பு நிற்கிறது. 650 வண்டியை அதிகம் சிதைக்காமல் வைத்திருந்தால் அவசரப்பட வேண்டாம். 350 வைத்துக்கொண்டு ‘விலை ஏறட்டும்’ என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

வெல்டிங் வைத்த வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதை அப்படியே விற்பதைத் தவிர வழியில்லை. அதற்கு அந்த ஒரு ஆள்தான் வர வேண்டும். வருபவரிடம் என்ன வெட்டப்பட்டது, யார் வெல்டிங் வைத்தது என்பதை எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். ஃபோர்க் குழாயின் மேல் நீட்டிப்புத் துண்டு திருகியிருந்தால் அதையும் சொல்லுங்கள்; அது அடுத்தவர் உயிர் சம்பந்தப்பட்டது. அப்படிப்பட்ட வண்டி 15 ஆண்டுப் பதிவு முடியும் தறுவாயில் இருந்தால் விலை இன்னும் சரியும். பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஆய்வாளர் முன் நிறுத்தியாக வேண்டும், வெட்டிய சட்டம் அங்கே தேறாது. அந்நிலையில் இன்ஜின், கியர்பாக்ஸ் முதலானவற்றைப் பாகமாக விற்பதுதான் மிச்சம். அதற்கு முன் ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்துவிட வேண்டும்.

யாரிடம்?

ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் கொடுப்பது பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கம்பெனிக் கோலத்தில் இல்லாத வண்டியைப் பல இடங்களில் வாங்கவே மாட்டார்கள். வாங்கினாலும் இரும்பு விலைக்குப் பக்கத்தில்தான் பேசுவார்கள்.

பொள்ளாச்சியிலும் கோவையிலும் பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைகளில் பணம் சீக்கிரம் கைக்கு வரும். விலையில் நன்றாகவே விட்டுக்கொடுக்க வேண்டும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயர் இல்லாமல் வெற்றாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் ஆபத்து. உங்கள் பெயரிலேயே வண்டி கை மாறி, கை மாறி எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். 2023 ஏப்ரலிலிருந்து இதற்கு ஒரு மாற்று வந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற மறுவிற்பனையாளரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்தால், அதன்பின் வண்டிக்குப் பொறுப்பு அவருடையது. கடைக்காரரிடம் அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். சிரித்து மழுப்பினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மாற்றிக் கட்டிய வண்டிக்கு நேரடி விற்பனைதான் பொருத்தம், அதில் சந்தேகமில்லை. இணைய விளம்பரத்தில் ஆள் கூட்டம் அதிகம், குப்பையும் அதிகம். ‘ராணுவத்தில் இருக்கிறேன், இடமாறுதல் வந்துவிட்டது, வண்டியைப் பார்க்காமலே முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று வருகிற அழைப்பு பழைய தந்திரம். பணம் வாங்குவதற்கு யாரும் ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையில்லை. புல்லட் கிளப்புகள், உங்கள் வண்டியைக் கட்டிய பட்டறை, ஊர் மெக்கானிக் ஆகியோரின் வாய்வழிச் செய்தி மெதுவாகப் போனாலும் சரியான ஆளிடம் போய்ச் சேரும். விளம்பர வாசகத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். பொள்ளாச்சிக்காரர் ‘அண்ணா’ என்று ஆரம்பித்தாலும் திருச்சூர்க்காரர் ‘சேட்டா’ என்று ஆரம்பித்தாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: ‘பழைய சைலன்சர் இருக்கிறதா?’ அதற்கான பதிலை விளம்பரத்திலேயே கொடுத்துவிட்டால் பாதி அழைப்பு மிச்சம்.

ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது பின்னால் உட்கார்ந்து போவதுதான் வழக்கம். ஒற்றை சீட் குரூசரில் அதற்கு இடமில்லை. வருபவர் எதில் வந்தாரோ அந்த வண்டியின் சாவியையும் அசல் ஓட்டுநர் உரிமத்தையும் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு அனுப்புங்கள். வேலந்தாவளம் தாண்டினால் மாநிலமே மாறிவிடுகிறது. புகார் கொடுக்க வேண்டிய காவல் நிலையம் எது என்ற குழப்பம் வேறு வேண்டாம்.

எல்லைக்கு இப்பக்கமா, அப்பக்கமா?

கேரளத்துக்குள்ளேயே விற்றால் வேலை எளிது. படிவம் 29, 30, இன்சூரன்ஸ், புகைச் சான்று, கடன் இருந்திருந்தால் வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 ஆகியவற்றோடு அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்துவிடலாம். பெரும்பாலும் காகிதத்தோடு முடிந்துவிடும். வண்டியை யாரும் சுற்றிப் பார்ப்பதில்லை. இன்னொரு அனுகூலமும் உண்டு. பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்குப் பகுதியில் மழை குறைவு, கடற்காற்றும் இல்லை. கொச்சியிலிருந்தோ திருச்சூரிலிருந்தோ வருபவர் குனிந்து ஸ்போக்கையும் மட்கார்டின் உட்புறத்தையும் தடவிப் பார்த்துத் துரு இல்லை என்றதும் முகம் மலர்வார். ஜூன், ஜூலை பெருமழையில் அவர்கள் யாரும் குரூசர் தேடி வரமாட்டார்கள். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் வருவார்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் விற்றால் பாதை நீளம். படிவம் 28 கொடுத்துச் சித்தூர் அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். திருட்டு வழக்கு இல்லை என்ற போலீஸ் அறிக்கை கேட்பார்கள். நிலுவை அபராதம் எதுவும் இருக்கக் கூடாது. பிறகு வாங்குபவர் பொள்ளாச்சியில் வரி கட்டிப் புது எண் வாங்க வேண்டும். அப்போது வண்டி ஆய்வாளர் முன் நிற்க வேண்டும். உயரமான ஹேண்டில்பாரோடும் வெடிச்சத்தம் போடும் சைலன்சரோடும் அங்கே போய் நிற்க முடியாது. ஆகவே எல்லை தாண்டுவதென்றால் வண்டி பழைய கோலத்தில்தான் தாண்ட வேண்டும்.

வாங்குபவர் கட்டப்போகும் வரியை உங்கள் விலையில் கழித்துத்தான் பேசுவார் என்பதால், கோவையில் பத்தாயிரம் கூடுதலாகக் கிடைப்பது போலத் தெரிவது கணக்கில் காணாமல் போகும். ‘கே.எல். எண்ணிலேயே ஓட்டிக்கொள்கிறேன், பெயர் மாற்றம் மெதுவாகப் பார்க்கலாம்’ என்று சொல்பவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் விற்க வேண்டாம். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் ஓட்டினால் புது எண் வாங்கியாக வேண்டும் என்பது 47-ஆம் பிரிவு. அவர் வாங்காமல் விட்டால் நோட்டீஸ் வரும் முகவரி உங்களுடையது. 2023 ஜூனில் கேரளத்தில் சாலைக் கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கின. தலைக்கவசம் இல்லாமல் யாரோ வாளையாரில் போனால் குறுஞ்செய்தி வருவது ஆர்.சி.யில் உள்ள கைபேசி எண்ணுக்கு.

விபத்து என்றால் இன்னும் மோசம். பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விற்ற சீட்டைக் காட்டித் தப்ப முடியாது. விற்றதைத் தெரிவிக்க, அதே மாநிலம் என்றால் 14 நாள், வேறு மாநிலம் என்றால் 45 நாள் உங்களுக்கு அவகாசம். நான் சொல்வது அதைவிடக் கண்டிப்பானது: வாங்குபவரோடு உட்கார்ந்து, பெயர் மாற்ற விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டு வந்த பிறகே சாவி. பணம் வங்கிக் கணக்கில் ஏறியதை உங்கள் வங்கிச் செயலியில் பாருங்கள். அவர் கைபேசியில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுக்கு மதிப்பில்லை. விற்பனைச் சீட்டில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். அன்று மாலை கேமராவில் விழும் குற்றத்துக்கு அந்த மணிதான் பதில் சொல்லும்.

இன்சூரன்ஸ் பாலிசியை வாங்குபவர் பெயருக்கு 14 நாளுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். அது அவர் வேலை. நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, பலரும் விட்டுவிடுகிறார்கள். கோரிக்கை எதுவும் இல்லாமல் ஓட்டிய ஆண்டுகளுக்காகச் சேர்ந்த போனஸ் 20-லிருந்து 50 சதவீதம் வரை இருக்கும். அது வண்டிக்குச் சேர்ந்ததில்லை, உங்களுக்குச் சேர்ந்தது. வண்டி விற்ற ஆவணத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனத்தில் அதற்கான கடிதம் வாங்கி வைத்தால், 3 ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த பைக்கின் சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். ‘போனஸையும் என் பேருக்கே விட்டுவிடுங்கள்’ என்று வாங்குபவர் கேட்டால், அதற்கு வழியே இல்லை என்று சொல்லிவிடலாம்.